மத்தியதரைக் கடலில் ஆழத் தூண்டில்: பாய்மரப் படகில் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மத்தியதரைக் கடலில் தூண்டில் போட ஆசைப்படுகிறவர்கள் எந்த ரீல் வாங்குவது, எந்த நரம்பு, அதாவது தூண்டில் இழை, நல்லது என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் அதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்வேன்: அந்தக் கடலில் மற்றவர்கள் ஏற்கெனவே என்னென்ன போட்டு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கப் பழகுங்கள். ஜிப்ரால்டரிலிருந்து சைப்ரஸ் வரை மேலே தெரிவது வெறும் நீலம். அதன் கீழே கிலோமீட்டர் கணக்கில் கயிறும் முள்ளும் மடி என்னும் இழுவலையும் கிடக்கின்றன. அதை அடையாளம் காணத் தெரிந்தால் உங்கள் புரொப்பெல்லர் பிழைக்கும். மீன் எங்கே, எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதையும் அந்த மீனவர்களிடமிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

முதல் படி: ஆழத்தைப் புரிந்துகொள்வது

இந்தக் கடலின் சராசரி ஆழம் சுமார் 1,500 மீட்டர். கிரேக்கத்தின் பீலோஸ் ஊருக்கு வெளியே 5,000 மீட்டரையும் தாண்டும் பள்ளம் இருக்கிறது. ஆனால் அட்லாண்டிக்கோடு இந்தக் கடலுக்கு இருக்கும் ஒரே இயற்கை வாசல் ஜிப்ரால்டர் நீரிணை. மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 14 கிலோமீட்டர். நீரிணையின் அடியில் ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்தில் ஒரு மேடு குறுக்கே நிற்கிறது. பெருங்கடலின் குளிர்ந்த அடிநீர் அந்த மேட்டைத் தாண்டி உள்ளே வர முடியாது. அதனால் பெருங்கடலில் 2,000 மீட்டரில் 2, 3 டிகிரிக்கு இறங்கிவிடும் நீர், இங்கே எவ்வளவு ஆழம் போனாலும் 13 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

சூடாகவும் உப்பாகவும் இருக்கும் இந்த அடிநீரில் சத்து குறைவு. ஆழத்தில் மீன் எங்கும் பரவி இருக்காது. இரை வந்து சேரும் சரிவுகளில்தான் கூடும். நீங்கள் தேட வேண்டியதும் சரிவைத்தான், குறிப்பாகக் கரைக்கு அருகிலேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்குகளின் விளிம்பை. ஸ்பெயினின் பலமோஸ் ஊருக்கு எதிரே, பிரான்சின் நீஸுக்கு வெளியே, இத்தாலியின் லிகூரியக் கரையோரம், சிசிலிக்கு வடக்கே எயோலியத் தீவுகளைச் சுற்றி, கிரீட்டின் தெற்குப் பக்கம் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். கரையிலிருந்து சில கடல் மைல் போனாலே 500 மீட்டர் ஆழம் கிடைத்துவிடும். ஒரு நாள் முழுக்கப் போனாலும் கண்டத்திட்டு, அதாவது கரையோர ஆழமில்லாத பகுதி, தீராத கடலில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய வியப்பு.

வரைபடத்தில் ஆழக் கோடுகள் நெருங்கி ஓடும் இடத்தைப் பாருங்கள். படகில் இருக்கும் சாதாரண ஆழமானி 200 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும். நூறு, நூற்றைம்பது மீட்டருக்குக் கீழே அதை நம்ப முடியாது. 50 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் சக்தி வாய்ந்த கருவி இருந்தால்தான் 500 மீட்டரில் தரையைக் காணலாம். இல்லாவிட்டால் ஐரோப்பாவின் எமோட்நெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆழ வரைபடத்தைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். நான் பார்த்த வரை கருவியை விட அதுவே அதிகம் கைகொடுத்திருக்கிறது. குறி வைக்க வேண்டிய ஆழம் 300 முதல் 600 மீட்டர். நம் மீனவரின் பாகக் கணக்கில் சொன்னால், 160 பாகத்திலிருந்து 330 பாகம் வரை.

இரண்டாம் படி: மற்றவர் போட்டிருப்பதைப் படிப்பது

இழுவைப் படகு எளிதில் கண்ணில் படும். பகலில் முனைகள் ஒட்டிய இரண்டு கூம்புகளைக் கறுப்பாகத் தூக்கி வைத்திருக்கும். இரவில் பச்சைக்குக் கீழே வெள்ளை விளக்கு. வேகம் மூன்று நாட், அதாவது மணிக்கு மூன்று கடல் மைல், அளவுக்குள் இருக்கும். செஞ்செவ்விறால் என்னும் ஆழ்கடல் சிவப்பு இறாலைப் பிடிக்கும் படகுகள் 400 முதல் 800 மீட்டர் ஆழத்தில் மடியை இழுக்கின்றன. இழுகம்பி அந்த ஆழத்தின் இரண்டு மடங்குக்கு மேல் நீளமாகப் பின்னால் கிடக்கும். பள்ளத்தாக்கின் வளைவை ஒட்டி அவர்கள் திடீரென்று திரும்புவார்கள். அதனால் பின்னால் கடக்கும்போது அரை கடல் மைலாவது விட்டுப் போங்கள். பக்கத்துப் படகுகளுக்காக அவர்கள் போடும் விளக்குகளும் தெரிந்திருக்கட்டும்: மேலும் கீழும் இரண்டு வெள்ளை என்றால் மடியை இறக்குகிறார்கள், வெள்ளைக்குக் கீழே சிவப்பு என்றால் ஏற்றுகிறார்கள், இரண்டு சிவப்பு என்றால் மடி எதிலோ மாட்டிக்கொண்டது.

பாய் விரித்திருந்தாலும் வழி விட வேண்டியவர் நீங்கள்தான். மீன்பிடிக் கப்பலுக்குப் பாய்மரப் படகு ஒதுங்க வேண்டும் என்பது உலகக் கடல் விதி. பின்னால் இரண்டு தூண்டிலை இழுத்துக்கொண்டு போவதால் நீங்களும் 'மீன்பிடிக் கப்பல்' ஆகிவிட மாட்டீர்கள். அந்த விதி உலாத் தூண்டிலைக் கணக்கில் எடுப்பதில்லை.

இழுவையல்லாத மற்ற மீன்பிடிப் படகுகளுக்கு இரவில் வெள்ளைக்கு மேலே சிவப்பு. கருவி படகிலிருந்து 150 மீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் அது கிடக்கும் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கு வைப்பார்கள். அந்தத் திசையை விட்டு விலகுங்கள்.

அதிகக் கவனம் கேட்பது வாள்மீனுக்குப் போடும் ஆயிரங்கால் தூண்டில். தாய்க்கயிறு பல பத்து கிலோமீட்டர் ஓடும். அதிலிருந்து கிளைக்கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் அயிலையோ கணவாயோ கோத்த முள், சிலவற்றில் பச்சையாக ஒளிரும் ரசாயனக் குச்சி. பொழுது சாயும்போது விட்டு விடியலில் இழுப்பது வழக்கம். எனவே நள்ளிரவுக் காவலில் இருக்கிறவர்தான் இதைச் சந்திப்பார். பகலில் கொடி கட்டிய மிதவைகளும் இரவில் மின்னும் விளக்குகளும் வரிசையாகத் தெரியும். ஒரு மிதவையைப் பார்த்தால் அடுத்ததைத் தேடுங்கள். கயிறு மிதவைக்கு அருகில் மேலே இருக்கும், இரண்டு மிதவைகளுக்கு நடுவில் தொய்ந்து கீழே போகும். கடக்க வேண்டியே வந்தால் நட்ட நடுவில், செங்குத்தாக, இன்ஜினை நியூட்ரலில் வைத்துப் பாயின் வேகத்திலேயே கடந்துவிடுங்கள். முன்பு மைல் கணக்கில் விரித்த வழிவலைகளை, அதாவது நீரோட்டத்தோடு மிதந்து போகும் வலைகளை, ஐரோப்பிய ஒன்றியம் சூரைக்கும் வாள்மீனுக்கும் 2002 முதல் தடை செய்துவிட்டது. இன்றைக்கு அவை கண்ணில் பட்டால் சட்டத்துக்குப் புறம்பானவை.

ஆகஸ்ட் பாதியிலிருந்து டிசம்பர் வரை மால்டா, சிசிலி, துனிசியா, மயோர்காவைச் சுற்றி இன்னொரு பொருள் மிதக்கும். மால்டாக்காரர்கள் அதைக் 'கன்னிஸாத்தி' என்பார்கள். மிதவையின் அடியில் பனையினத்து ஓலைகளைக் கட்டி, நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் சுண்ணாம்புக்கல்லை நங்கூரமாக இறக்கி நிறுத்தியிருப்பார்கள். நிழலைத் தேடி லம்புகி மீன், அதாவது மாஹி மாஹி, அடியில் கூடும். யாருக்கு எந்த வரிசை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது அங்கே வழக்கம். ஒரு மிதவைக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பருவ வருமானம் இருக்கிறது. அதில் படகைக் கட்டாதீர்கள், அதன் அடியில் நிற்கும் மீனையும் தொடாதீர்கள். இந்த மிதவைகள் தாழ்வாகவே மிதக்கும், பலவற்றில் விளக்கு இருக்காது, ரேடாரிலும் தெரியாது. அந்த மாதங்களில் அந்தப் பக்கம் இரவில் இன்ஜினில் ஓடுவதை நான் தவிர்த்துவிடுவேன்.

மெசினா நீரிணையில் கோடையில் ஒரு விசித்திரமான படகைப் பார்ப்பீர்கள். கட்டடம் போல உயர்ந்த இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் ஓட்டுகிறவர். அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து, படகை விட நீளமான நடைபாலம், அதன் நுனியில் ஈட்டியோடு ஒருவர். மேற்பரப்பில் நீந்தும் வாள்மீனைக் கண்ணால் கண்டு குத்துகிற பழைய தொழில் அது. இன்ஜின் சத்தமே மீனைக் கலைத்துவிடும் என்பதால் வெகுதூரம் தள்ளிப் போவதுதான் மரியாதை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 15 மீட்டருக்கு மேற்பட்ட மீன்பிடிப் படகுகள் ஏஐஎஸ், அதாவது தம் இருப்பிடத்தை மற்றவர் திரைக்கு அனுப்பும் கருவி, வைத்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவற்றில் பெரும்பாலும் இருக்காது. திரையில் யாரும் இல்லை என்பதை வைத்துக் கடலில் யாரும் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

கயிறு சுற்றிக்கொண்டால்

இன்ஜின் சத்தம் கனத்து, வேகம் செத்துவிடும். உடனே நியூட்ரல், உடனே இன்ஜினை நிறுத்துங்கள். 'பின்னால் ஓட்டினால் அவிழ்ந்துவிடும்' என்று முயன்றால் பெரும்பாலும் இன்னும் இறுகும். சிசிலிக்குத் தெற்கே ஓர் இரவு நானே அப்படிச் செய்து, இரண்டு சுற்றை எட்டுச் சுற்றாக்கி, விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம், காற்று இருந்தால் பாயை வைத்துக் கரையிலிருந்தும் கப்பல் தடத்திலிருந்தும் விலகுங்கள். அலை இருந்தால் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஏறி இறங்கும் படகின் அடிப்பகுதி மண்டையை உடைத்துவிடும். கடல் அமைதியான பிறகு ஒருவர் மட்டும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கையுறை, முகக்கண்ணாடி, பல் வைத்த கத்தியோடு இறங்கட்டும். வந்து சுற்றியது ஆயிரங்கால் தூண்டிலாக இருந்தால் முள்ளும் கூடவே வந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள். அறுக்க நேர்ந்தால் இரண்டு நுனிகளையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு விடுங்கள். மீனவர் அருகில் இருந்தால் விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் அலைவரிசையில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கோபப்படுவார்கள்தான், ஆனால் அவர்கள் தேடுவது கயிற்றின் மறு நுனியை.

முள் விழுங்கிய கடலாமை தென்பட்டால் வாயிலிருந்து தொங்கும் நரம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே குடலையே அறுத்துவிடும். இத்தாலியக் கடலில் 1530 என்ற எண்ணில் கடலோரக் காவல்படைக்குச் சொல்லலாம்.

மூன்றாம் படி: உங்கள் கருவி

பாய்மரப் படகுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ரீலில் 800 முதல் 1,000 மீட்டர் மெல்லிய பின்னல் நரம்பு, 0.25 மில்லிமீட்டர் அளவில். சாதாரண தங்கூஸ், அதாவது ஒற்றை இழை நைலான், ஆழத்தில் இழுபட்டு நீளும்; 500 மீட்டரில் மீன் கடித்தாலும் மேலே தெரியாது. பின்னல் நரம்பு நீளாது, தடியின் நுனி துடிக்கும். மெல்லியதாக இருப்பதால் நீரோட்டமும் குறைவாகவே பிடித்து இழுக்கும். மின்ரீல் சுகம்தான், ஆனால் மீன் ஏறும்போது பேட்டரியிலிருந்து நிறைய மின்சாரம் உறிஞ்சும். சில நாடுகளில் அதன் சக்திக்கு வரம்பும் உண்டு. என் விருப்பம் கையால் சுற்றும் பெரிய ரீல். ஒரு முறை ஏற்ற இருபது நிமிடம் ஆகும், தோள் வலிக்கும். அந்த வலி இருப்பதால் நாளைக்கு நான்கைந்து முறைக்கு மேல் இறக்கத் தோன்றாது. அது நல்லது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நரம்பின் நுனியில் நல்ல ஸ்விவல் (சுழலும் இணைப்பு), அதற்குக் கீழே 0.80 மில்லிமீட்டர் தங்கூஸ் ஐந்து மீட்டர். அதில் மீட்டருக்கு ஒன்றாக மூன்று அல்லது நான்கு கிளை. ஒவ்வொரு கிளையும் 45 சென்டிமீட்டர் தாண்டாமல் இருந்தால் ஒன்றோடொன்று சிக்காது. முள் வட்டமுள்ளாக இருக்கட்டும். ஐநூறு மீட்டர் தூரத்திலிருந்து நீங்கள் வெட்டி இழுத்து முள்ளை ஏற்ற முடியாது. வட்டமுள் மீன் திரும்பும்போது தானாகவே வாயோரத்தில் மாட்டும். முட்களுக்கு இரண்டு மீட்டர் மேலே சிறிய ஆழ்கடல் விளக்கு ஒன்று.

எடை ஒரு கிலோ, நீரோட்டம் இருந்தால் ஒன்றரை. ஈயத்துக்குப் பதில் கட்டடக் கம்பித் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். தரையில் மாட்டிப் போனால் கடலில் ஈயம் சேராது, காசும் போகாது. எடையைத் தாய் நரம்பை விட மெல்லிய இழையில் கட்டுங்கள். பாறையில் மாட்டினால் எடை மட்டும் அறுந்து மற்றதெல்லாம் திரும்பி வரும். ஸ்பெயினின் தரீஃபா மீனவர்கள் ஜிப்ரால்டர் நீரிணையில் 'வோராஸ்' மீன் பிடிக்க இறக்கும் 'வொராசேரா' தூண்டிலும் இதே யோசனைதான்: பல பத்து முள், அடியில் விட்டுவிட்டு வரும் எடை.

இரை மத்தி, அல்லது கணவாய்க் கீற்று. மத்தி ஆழத்தில் சீக்கிரம் கரையும். உப்புப் போட்டு ஓர் இரவு வைத்தால் இறுகும். மெல்லிய நூலால் முள்ளோடு சுற்றிவிட்டால் இன்னும் நிற்கும்.

நான்காம் படி: இறக்குவது

கோடையில் கடற்காற்று மதியத்தை ஒட்டி எழும். விடியலிலிருந்து ஒன்பது, பத்து மணி வரைதான் உங்கள் நேரம். ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும்: ஒரு நாட் வேகத்தில் படகு நகர்ந்தால் நிமிடத்துக்கு 30 மீட்டர். ஒரு கிலோ எடை 500 மீட்டர் இறங்க நான்கைந்து நிமிடம். அதற்குள் படகு 150 மீட்டர் போயிருக்கும், நரம்பு சாய்ந்து கிடக்கும், நீங்கள் குறித்த விளிம்பில் எடை விழாது. நகர்வு அரை நாட் வேகத்துக்குள் இருக்கும் காலையில் மட்டும் இறக்குங்கள். இரண்டு பாயையும் சுருட்டிவிட்டு மிதக்க விடலாம். காற்று கொஞ்சம் இருந்தால் முன்பாயைக் காற்றுப்பக்கம் பின்னுக்கு இழுத்துக் கட்டி, சுக்கானை எதிர்த்துத் திருப்பி, படகை நிறுத்தி வைக்கலாம்.

தூண்டில் எப்போதும் காற்று வரும் பக்கத்திலிருந்துதான் இறங்க வேண்டும். படகு காற்றோடு தள்ளிப்போகும், நரம்பு படகை விட்டு விலகி நிற்கும். மறுபக்கம் இறக்கினால் படகு நரம்பின் மேலேயே ஏறி அடிக்கட்டையிலும் சுக்கானிலும் சுற்றிக்கொள்ளும். நரம்பு நீரில் இருக்கும்வரை இன்ஜினைத் தொடாதீர்கள்.

முட்களை ஒவ்வொன்றாகக் கையால் நீரில் விடுங்கள், எடை கடைசியில். விரலால் லேசாகத் தடுத்தபடி ஓட விடுங்கள். தடுக்காமல் விட்டால் கிளைகள் தாய் நரம்பில் சுற்றும். எடை தரை தொட்டதும் நரம்பு தளரும். உடனே இரண்டு மீட்டர் தூக்கி நிறுத்துங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். முதல் துடிப்பிலேயே இழுக்க வேண்டாம். ஒரு மீன் துடித்தால் அடுத்ததும் வரும்.

மெசினாவிலும் ஜிப்ரால்டரிலும் இதை முயலாதீர்கள். அங்கே நீரோட்டம் ஆறு போல ஓடும், கப்பல் நெரிசலும் சேர்ந்துகொள்ளும்.

என்ன ஏறி வரும்

ரோஜா நிறம், பெரிய கண், செவுளுக்கு மேலே தோளில் ஒரு கறுப்புப் பொட்டு. அதுதான் ஸ்பெயினில் வோராஸ், இத்தாலியில் 'ஒக்கியாலோனே'. இந்த மீன்களில் பெரும்பாலானவை ஆணாகத் தொடங்கி வளர்ந்தபின் பெண்ணாக மாறும். நீங்கள் பெருமையோடு தூக்கும் பெரிய மீன் அநேகமாக முட்டையிடும் தாய். ஐரோப்பிய விதிப்படி 33 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது.

நம் களவாவைப் போலப் பருத்த, கரும்பழுப்பு மீன் வந்தால் அது கிரேக்கர்கள் 'வ்லாஹோஸ்' என்பது. குஞ்சுப் பருவத்தில் மிதக்கும் மரக்கட்டைகளின் நிழலில் வாழ்ந்து, பிறகு நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கும். பல பத்தாண்டுகள் வாழக்கூடியது. குறைந்தபட்ச அளவு 45 சென்டிமீட்டர்.

வெள்ளி நாடா போல நீண்டு வருவது 'ஸ்பத்தோலா'. நம் வாளை மீனின் சொந்தம், ஆனால் இரண்டு மீட்டர் வரை வளரும். பற்கள் கத்தி, படகுக்குள் வந்த பிறகும் கையை வாயருகே கொண்டுபோகாதீர்கள். செந்நிறத்தில், வாயைத் திறந்தால் உள்ளே கருநீலமாக இருக்கும் பாறைமீனுக்கு முதுகில் விஷமுள். குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அரை மணியோ அதற்கு மேலோ காயத்தை வைத்திருங்கள், வலி தணியும். இவற்றோடு மெர்லூசா என்னும் ஹேக் மீன் வரும். இரவில் விளக்கோடு இறக்கினால் பறக்கும் கணவாய் வரும். எயோலியத் தீவுகளில் அதற்கென்றே தனித் தூண்டில் இருக்கிறது.

கனமாக, துடிப்பில்லாமல், மெதுவாக எதிர்த்து வருவது ஆறுசெவுள் சுறாவாக இருக்கலாம். பெரும்பாலான சுறாக்களுக்கு ஐந்து செவுள் கோடு, இதற்கு ஆறு, கண் பச்சை. நான்கு மீட்டர் தாண்டும். நீரிலேயே வைத்து முள்ளுக்கு அருகில் நரம்பை அறுத்துவிடுங்கள். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது, திரும்பிப் போய்ப் பிழைக்கும். இந்தக் கடலில் பல சுறா, திருக்கை இனங்களை வைத்துக்கொள்ளவே கூடாது.

காற்றுப்பை உள்ள மீன்களின் கதை வேறு. 500 மீட்டரிலிருந்து ஏறும்போது பை ஊதி, வயிறு வாய்வழி பிதுங்கி, கண் துருத்தி வரும். அதைத் திருப்பி விட்டால் மிதந்தே சாகும். ஆழத்தில் 'பிடித்துத் திரும்ப விடுவது' என்பது அவற்றுக்கு இல்லை. அளவு குறைந்த மீன் ஏறினால் உடனே இடத்தை மாற்றுங்கள். சமையலுக்குப் போதுமான மீன் வந்ததும் தூண்டிலைச் சுருட்டுங்கள். கை ரீல் நல்லது என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

கிழக்கே, துருக்கி, சைப்ரஸ், கிரீட் பக்கம், ஆழம் குறைந்த இடத்தில் இரை போட்டால் வெள்ளிக் கன்னமுள்ள பேத்தை வரும். சூயஸ் வழியாக வந்து 2003-ல் துருக்கியில் முதன்முதலாகப் பதிவானது. இதன் விஷம் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, உயிர்கள் போயிருக்கின்றன. விரலையும் கடித்துத் துண்டாக்கும். எந்த நிலையிலும் சாப்பிடக் கூடாது. ஆழத்திலிருந்து கரும்பழுப்பில் சொரசொரத் தோலோடு வரும் எண்ணெய்மீனையும் விடுங்கள். அதன் மெழுகெண்ணெய் செரிக்காமல் அப்படியே வயிற்றைக் கலக்கி வெளியேறும்.

சட்டமும் சமையலும்

நாட்டுக்கு நாடு விதி மாறும். ஸ்பெயினில் உரிமம் வேண்டும். இத்தாலியில் பொழுதுபோக்காகப் பிடிக்கிறவருக்கு நாளைக்கு 5 கிலோ, ஒற்றைப் பெரிய மீன் மட்டும் விதிவிலக்கு. பிடித்ததை விற்கக் கூடாது. நீலத்துடுப்புச் சூரைக்குத் தனி அனுமதி, குறைந்தபட்ச அளவு 30 கிலோ அல்லது 115 சென்டிமீட்டர். வாள்மீன் ஒரு படகுக்கு நாளைக்கு ஒன்று, மூடுகாலமும் உண்டு. ஒவ்வொரு நாட்டுத் துறைமுகத்திலும் நுழைந்ததும் துறைமுக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மீன் ஏறியதும் செவுளை அறுத்து இரத்தம் வடியவிடுங்கள், உடனே குடலை எடுங்கள். ஸ்பத்தோலாவிலும் ஹேக்கிலும் அனிசாக்கிஸ் புழு அதிகம். மீன் செத்தபின் குடலிலிருந்து சதைக்கு நகரும். பச்சையாகச் சாப்பிட நினைத்தால் மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது ஒரு நாள் முழுக்க உறைய வேண்டும். படகின் சிறிய குளிர்ப்பெட்டி அந்த அளவுக்குப் போகாது. நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். வோராஸை முழுதாகக் கீறி, உப்பும் எலுமிச்சையும் தடவிச் சுட்டால் போதும்.

செஞ்செவ்விறால் மட்டும் உங்கள் தூண்டிலுக்கு வராது. பலமோஸில் வேலை நாளில் பிற்பகல் துறைமுகத்துக்குப் போங்கள். படகுகள் வந்து சேரும், பெட்டி பெட்டியாக ஊதாச்சிவப்புத் தலைகளோடு இறால் ஏலத்துக்கு இறங்கும். கால் கிலோ வாங்கி, தவாவில் கல்லுப்பு பரப்பி, பக்கத்துக்கு ஒரு நிமிடம் வையுங்கள். எந்தப் பள்ளத்தாக்கில், எத்தனை மீட்டரில் மடி இறக்கினார்கள் என்று விற்கிறவரிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அதை உங்கள் வரைபடத்தில் குறித்துவைத்து, அடுத்த நாள் அந்த இடத்தை அவர்களுக்கே விட்டு, வேறொரு சரிவைப் பாருங்கள்.